மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி செத்துப் போயிருந்தார்கள். ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே இடத்தில் காயம். மர மேஜை மேல் வரிசையாகக் குப்புறப் படுக்க வைக்கப்பட்டிருந்த அவர்களைக் கொழுந்தன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"நாசவேலைன்னு போன்ல சொன்னாங்க. நானும் தலைக்குக் குளிச்சு, நல்ல சட்டையா தேடிப் போட்டுட்டு வந்தேன். வந்து பார்த்தா பாத்திரக்கடை, அண்ணி."

"முதல்ல அதுமேல இருந்து கையை எடு," என்றாள் அண்ணி.

கொழுந்தன் கையை எடுத்தான். வாயை எடுக்கத்தான் யாராலும் முடிந்ததில்லை. அந்த வாயால் மூன்று வருஷத்தில் மூன்று வேலை போயிற்று. நாலாவதாக ஒரு வேலை தேடப் போகிறேன் என்று அவன் கிளம்பிய அன்று, அவனுடைய அண்ணன் தன் மனைவியைக் கெஞ்சினார். நீயே இவனைக் கூட்டிக்கொண்டு போ, உன் துப்பறியும் தொழிலில் எடுபிடியாக வைத்துக்கொள், வெளியே விட்டால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்றார். அப்படித்தான் அண்ணி துப்பறிவாளர், கொழுந்தன் உதவியாளர் என்று ஆயிற்று. அவன் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது வழக்கு கொண்டு வருகிறவர்களும் அவளை அப்படியே கூப்பிடுகிறார்கள். ஆபீஸ் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை.

செத்துக் கிடந்தவை எவர்சில்வர் பாத்திரங்கள். ஆஸ்பத்திரியில் கத்தரியும் ஊசியும் போட்டுக் கொதிக்க வைப்பதற்கானவை. ஒரு சாண் உயரம். ஒவ்வொன்றிலும், அடிப்பாகம் வளைந்து சுவராக மாறுகிற இடத்தில் ஒரு கிழிசல், சிரிக்கிற வாய் மாதிரி திறந்திருந்தது.

"அண்ணி, இப்படி வாங்க. இங்கேயே நின்னு பேசலாம்," என்று தள்ளி நின்று கூப்பிட்டார் முதலாளி.

பாத்திரத் தொழிற்சாலை நடுவில், தகட்டை அழுத்திப் பாத்திரமாக்குகிற பெரிய பிரஸ் நின்றது. அதைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. வேலை செய்கிறவர்களைத் தவிர மற்றவர்கள் தாண்டக்கூடாது என்பதற்காகப் போட்டது. முதலாளி அதைத் தாண்டுவது இருக்கட்டும், மிதிக்கக்கூட மாட்டார் போலிருந்தது. பிரஸ் 'தொம்' என்று இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அவர் கண் தானாக மூடித் திறந்தது.

அவரை எல்லாரும் மாப்பிள்ளை முதலாளி என்பார்கள். தொழிற்சாலையைக் கட்டியவர் அவருடைய மாமனார். மாமனாருக்கு முழங்கால் மக்கர் செய்ததும் சாவிக்கொத்து மாப்பிள்ளை கைக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் வரைக்கும் அவர் ரெடிமேட் சட்டைகள் தைத்து விற்கும் கடை வைத்திருந்தார். சட்டையைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். தகடு பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு நிமிஷத்தில் மீண்டும் சட்டைக்கே வந்துவிடுவார்.

விஷயத்தை அவர் ஒப்பித்த விதத்திலேயே தெரிந்தது, பல பேரிடம் ஒப்பித்திருக்கிறார் என்று. காலை ஷிப்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் தொடங்கியதும், முதல் நாற்பது நிமிஷம் பாத்திரங்கள் வரிசையாகக் கிழிகின்றன. அப்புறம் தானாக நின்றுவிடுகிறது. ஆறு நாளாக இதே கதை. இரண்டு மணி ஷிப்டில் பிரஸ்ஸை ஓட்டுகிறவர் ஒரே ஆள். இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவர். வாயைத் திறக்க மாட்டார் என்பதால் மௌனம் என்று பேர். தகடு வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காகப் பூச வேண்டிய எண்ணெயைப் பூசாமல், மிச்சம் பிடித்து வெளியே விற்கிறார் அந்த மௌனம். எண்ணெய் இல்லாமல் தகடு காய்ந்து கிழிகிறது. இதுதான் முதலாளியின் தீர்ப்பு.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை அவர் எடுத்துக் காட்டினார். திருட்டு, நாசவேலை என்று மௌனத்தின் பேர் போட்டு எழுதிய புகார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை ஸ்டேஷனில் கொடுத்துவிடப் போகிறாராம்.

"திருடன் யாருன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன். எண்ணெயை யார்கிட்ட விக்கிறான்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தா போதும்," என்றார்.

"பாதி வேலையை அவரே முடிச்சுட்டாரு, அண்ணி. நாம மீதிப் பாதிக்குக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம்," என்று கொழுந்தன் அவள் காதோரம் முணுமுணுத்தான்.

அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே கால். ஒரு மனிதன் இருபத்திரண்டு வருஷம் உள்ளே வந்து போன வாசல் வழியாகத் திருடனாக வெளியே போவதற்கு இன்னும் ஐந்து மணி நேரம்கூட இல்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டினாள்.

காலை ஷிப்டில் பிரஸ்ஸை ஓட்டுகிறவருக்கு சவடால் என்று பேர். பேருக்கு ஏற்ற ஆள். இந்த பிரஸ் தன் பேச்சைத்தான் கேட்கும், தான் இருமினால் அது நிற்கும் என்கிற ரீதியில் ஐந்து நிமிஷம் அளந்தார். கொழுந்தனுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. அளந்ததெல்லாம் போக வேலையையும் சவடால் கண்ணுக்கு லட்சணமாகச் செய்து காட்டினார். கீழே வாய் திறந்த எஃகுக் குழி, அது டை. மேலே உலக்கையைப் போல் தொங்குகிற எஃகு உருளை, அது பஞ்ச். நடுவில் தட்டையான வட்டத் தகடு. பஞ்ச் இறங்கித் தகட்டைக் குழிக்குள் தள்ளும். தட்டு பாத்திரமாகிவிடும். பஞ்ச்சின் முகத்தில் காம்போடு ஒரு பூ செதுக்கியிருந்ததால், எல்லாப் பாத்திரத்தின் அடியிலும் அந்தப் பூ பதிந்து வந்தது. பூவின் காம்பு எப்போதும் ஆள் நிற்கிற முன்பக்கத்தைப் பார்த்தே இருக்கும் என்று சவடால் பெருமையாகச் சொன்னார்.

மெஷினை நிறுத்திவிட்டு, எண்ணெய் பூசும் பிரஷ்ஷைக் கொழுந்தனிடம் கொடுத்தார். கொழுந்தன் சும்மா விடுவானா? தகட்டின் அடிப்பக்கம் முழுக்கப் பூசினான். மேல்பக்கத்தில் விளிம்பைச் சுற்றி மட்டும் பூசச் சொன்னார், அதையும் செய்தான். பிரஷ்ஷில் எண்ணெய் மிச்சமிருந்தது. மேலே தொங்கிய பஞ்ச் உலர்ந்து மங்கலாகத் தெரிந்தது. ஐயோ பாவம் என்று அதன் முகத்துக்கும் ஒரு இழுப்பு இழுக்கப் போனான்.

புறங்கையில் பளார் என்று ஒன்று விழுந்தது.

"அங்க மட்டும் கொண்டு போகாதீங்க. அதுக்குக் குளியல் கிடையாது," என்றார் சவடால்.

ஏன் என்று அண்ணி கேட்டாள். தனக்கு வேலை பழக்கியவரிடம் தானும் இதையே கேட்டதாகவும், பதிலுக்குக் கிடைத்ததும் இதே மாதிரி ஒரு அடிதான் என்றும், அன்றிலிருந்து கேட்பதை விட்டுவிட்டதாகவும் சவடால் சொன்னார். மௌனமும் அப்படித்தானாம், பஞ்ச் மேல் ஒரு சொட்டு விழ விடமாட்டாராம். கொழுந்தன் கையைத் தேய்த்துக்கொண்டே இது வேலையில் பட்ட காயம், லீவு உண்டா என்று விசாரித்தான். அண்ணி காதில் வாங்கவில்லை. அவள் பஞ்ச்சையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த அரை மணி நேரம் கொழுந்தனுக்கு ஸ்டோர் ரூமில் போயிற்று. திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஒரு குழப்பம். ஸ்டோர் அம்மா எண்ணெய் டிரம் ஒவ்வொன்றிலும் அளவுக்கோல் விட்டுக் காட்டினாராம். கணக்கு சுத்தமாகச் சரியாக இருக்கிறது.

"ஒரு சொட்டுகூடக் குறையலை, அண்ணி. காணாமப் போகாத பொருளைத் திருடின முதல் ஆளு நம்ம மௌனம்தான். இவருக்கு ஜெயில் கிடையாது, பரிசு குடுக்கணும்."

அண்ணி பன்னிரண்டு பிணங்களையும் திருப்பி நிமிர்த்தி வைத்திருந்தாள். ஒன்றைப் பக்கத்தில் இழுத்து உள்ளே விரலைவிட்டு அடியைத் தடவி, அவனையும் தடவச் சொன்னாள். ஈரம். காலையில் வந்த நல்ல பாத்திரம் ஒன்றை நீட்டி அதையும் தடவச் சொன்னாள். உள்ளே அடி காய்ந்து, சொரசொரவென்று, மங்கலாக இருந்தது.

"கிழிஞ்சதுல எண்ணெய் இருக்கு. கிழியாததுல இல்லை. முதலாளி சொன்னதுக்குத் தலைகீழா இருக்குல்ல?" என்றாள்.

அதோடு அவள் இன்னொன்றும் காட்டினாள். பன்னிரண்டிலும் கிழிசல் ஒரே பக்கம்தான். பூவின் காம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அதாவது மெஷினின் முன்பக்கம். பின்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

கொழுந்தன் விரலை மூக்கருகே கொண்டுபோனான். சற்று முன் பிரஷ்ஷில் இருந்த எண்ணெய் கறுப்பாக, பாகு மாதிரி கெட்டியாக, நாலு அடி தள்ளி நின்றாலும் நாறியது. இது தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது, நாற்றமே இல்லை. இதை எங்கோ தொட்டிருக்கிறோமே என்று மண்டையைக் குடைந்தான். சட்டென்று விடை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணி அவன் கையில் ஒரு குட்டி டப்பாவைத் திணித்துத் தையல் மெஷினுக்கு விடச் சொல்வாள். ஒரு தடவை அவள் பட்டுத்துணி மேல் அவன் அதைக் கொட்டி, இரண்டு நாள் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"தையல் மெஷின் எண்ணெய்," என்றான். சொல்லும்போதே அவனுக்கு உடம்பு புல்லரித்தது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தானே ஒரு துப்பு கண்டுபிடித்துவிட்டான்.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. தொழிற்சாலையில் யாருக்குத் தையல் மெஷின் உண்டு என்று ஸ்டோர் அம்மாவிடம் போய்க் கேட்டான். மௌனத்தின் மனைவி வீட்டில் துணி தைத்துக் கொடுக்கிறவர், தன் ரவிக்கைகூட அங்கே தைத்ததுதான் என்று அவர் முதுகைத் திருப்பிக் காட்டினார். ஒரு மனுஷனைக் காப்பாற்ற வந்த இடத்தில், தன் கையாலேயே அவர் கழுத்துக்குக் கயிறு திரித்துவிட்டோமே என்று கொழுந்தன் நிஜமாகவே வருந்தினான்.

ஒன்றரை மணிக்கு மௌனம் வந்தார். கைகழுவும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில், ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். ஒல்லியான ஆள். இஸ்திரி போட்ட வேலைச் சட்டை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரத்துக்குள் ஈரம் இருந்ததைக் கவனித்தாரா என்று கேட்டாள்.

"நேத்துதான் பார்த்தேன்," என்றார். அதுவரைக்கும் தகடுதான் மட்டம் என்று நினைத்தாராம். கிழிந்ததையெல்லாம் உடனுக்குடன் வண்டியில் அள்ளிக்கொண்டு போய்விடுவதால், உள்ளே கை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நேற்று ஒன்றை எடுத்துத் தடவியதும் பஞ்ச்சில் யாரோ எண்ணெய் பூசுகிறார்கள் என்று புரிந்துவிட்டது. என்ன எண்ணெய் என்பதும் புரிந்துவிட்டது. வீட்டில் தினம் பார்ப்பதுதானே.

அப்படியானால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அண்ணி கேட்டாள். அந்த நேரம் பார்த்து, ஷிப்ட் முடித்த சவடால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ பாட்டை விசிலடித்தபடி கைகழுவப் போனார். மௌனத்தின் கண் அவர் பின்னாலேயே போய்விட்டுத் தரைக்குத் திரும்பியது.

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "அவர் உங்களுக்கு என்ன உறவு?"

"மச்சான். என் பெண்டாட்டியோட தம்பி. எங்க வீட்லதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம்."

கொழுந்தன் விரலைவிட்டு எண்ணாமலே எல்லாம் கூடி வந்தது. ஸ்டோர் அம்மா பேச்சுவாக்கில் சொன்னபடி, ஃபோர்மேன் நாற்காலி இரண்டு மாதமாகக் காலி. அதற்கு இரண்டே பேர்தான் தகுதி. மச்சான் தினமும் அக்கா வீட்டில் சாப்பிடுகிறவர், தையல் மெஷின் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறவர். காலை ஷிப்ட் முடிகிற நேரம், கிளம்புவதற்கு முன் பஞ்ச் மேல் ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போனால் கிழிவதெல்லாம் மாமாவின் கணக்கில் விழும்.

"கேஸ் என் மேலயே இருக்கட்டும்மா," என்றார் மௌனம். "அவளுக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன் மேல இதைச் சொன்னா எங்க வீடு உடைஞ்சுடும். நான் ராஜினாமா எழுதிட்டு வந்திருக்கேன்."

ஒரு வாரத்துக்கான பேச்சை அவர் அந்த ஒரு மூச்சில் பேசியிருப்பார். இந்த வழக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும் போலிருந்தது.

அண்ணி எழுந்து நின்றாள். ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு வரை என்ன நடக்கும் என்று கேட்டாள். மெஷினை அணைத்துவிட்டு எல்லாரும் கை கழுவவும் உடை மாற்றவும் போய்விடுவார்கள், அந்தப் பதினைந்து நிமிஷம் அங்கே ஈ காக்கை இருக்காது என்றார் மௌனம்.

"கொழுந்தனாரே, இன்னிக்கு அந்த ஈ நீதான். போய் பிரஸ் பக்கத்துல உட்காரு. எதையும் தொடாதே, யாரையும் விரட்டாதே. சும்மா உட்காரு," என்றாள் அண்ணி.

சும்மா உட்காருவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு மர ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கூடம் காலியாயிற்று. அணைந்த மெஷின்கள் சூடு ஆறும் சத்தம் மட்டும் கேட்டது. சவடால் வரவில்லை. கைகழுவும் அறையிலிருந்து அவருடைய விசில் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. வந்தவர் முதலாளி ஒருத்தர்தான். கால்சட்டைப் பையில் ஒரு கையை விட்டபடி ஆபீஸ் அறையிலிருந்து விறுவிறுவென்று வந்தவர், ஸ்டூலில் ஆளைக் கண்டதும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

சாப்பிடப் போகவில்லையா என்று கொழுந்தனை விசாரித்தார். ஆயிற்று என்றான். டீ குடிக்கவில்லையா என்றார். அதுவும் ஆயிற்று என்றான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிரஸ்ஸைப் பார்த்தார். பின்னால் தெருமுனையில் நல்ல பழச்சாறு கிடைக்கும் என்று தகவல் சொன்னார். கொழுந்தன் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தான். முதலாளி அரைமனதாகத் திரும்பிப் போனார். இவ்வளவு அக்கறையாக விருந்தாளியைக் கவனிக்கிறவரை மாப்பிள்ளை என்று சும்மாவா சொல்கிறார்கள் என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டான்.

இரண்டு மணிக்கு சங்கு ஊதியது. மௌனம் பிரஸ் முன்னால் நின்றார். முதலாளி கோட்டுக்கு வெளியே நின்றார். போகலாம் என்று கிளம்பிய சவடாலையும் அண்ணி இருக்கச் சொல்லியிருந்தாள்.

தொம். முதல் பாத்திரம் வந்தது. அண்ணி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கிழிசல் இல்லை. தொம். இரண்டாவதும் முழுசு. பத்து பாத்திரம் வரிசையாக முழுசாக வந்தன. ஆறு நாளில் முதல் தடவையாக இரண்டு மணிக்குப் பாத்திரம் பிழைத்தது. மௌனம் நம்பாமல் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னைப் பார்த்து பயந்துடுச்சு, அண்ணி," என்றான் கொழுந்தன்.

"நடிப்பு," என்றார் முதலாளி. "நீங்க இருக்கீங்கல்ல, அதான் இன்னிக்கு எண்ணெயைச் சரியா போட்டிருக்கான்."

அண்ணி அவர் பக்கம் திரும்பி மிகவும் பணிவாகப் பேசினாள். தனக்குத் தகடு பற்றி ஒன்றும் தெரியாது என்றாள். முதலாளி சொல்வதுதான் சரியாக இருக்கும் போலிருக்கிறது, பாருங்கள், மேலே பஞ்ச்சில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் வறண்டு கிடக்கிறது என்றாள். முதலாளியின் முகம் மலர்ந்தது. அதைத்தானே அவரும் சொல்கிறார். பத்து நாளைக்கு முன்னால் மட்டமான தகடு வந்து ஐந்தாறு பாத்திரம் கிழிந்தபோது, அவர் எக்கி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. எண்ணெய் திருட்டை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்.

"அப்போ எவ்வளவு போடணும்னு நீங்களே உங்க கையால போட்டுக் காட்டுங்க. இவங்களும் தெரிஞ்சுக்கட்டும்," என்றாள் அண்ணி.

மௌனம் மெஷினை அணைத்தார். எண்ணெய் டப்பாவும் பிரஷ்ஷும் முதலாளியின் காலடியிலேயே இருந்தன. முதலாளி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, நீள மூக்கு வைத்த ஒரு குட்டி டப்பாவை எடுத்தார். கால் கட்டைவிரல் மஞ்சள் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்க, உடம்பை வில்லாக வளைத்துக் கையை நீட்டினார். டப்பாவின் மூக்கு பஞ்ச்சின் முன்பாதி வரை எட்டியது. இரண்டு பீச்சு. கைக்குட்டையால் சீராக ஒரு தடவு. பழகிய கை, ஆறே நொடியில் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதான். இதைச் செய்ய இவங்களுக்கு என்ன கேடு?" என்று நிமிர்ந்தார்.

எல்லார் கண்ணும் அந்தக் குட்டி டப்பா மேல் இருந்தது. கொஞ்சம் பொறுத்து முதலாளியும் அதைப் பார்த்தார்.

"மெஷினைப் போடுங்க," என்றாள் அண்ணி.

தொம். கூடவே 'சடக்' என்று ஒரு சத்தம். வந்த பாத்திரத்தை அண்ணி கவிழ்த்துக் காட்டினாள். பூவின் காம்புப் பக்கம் பிளந்திருந்தது.

முதலாளிக்கு நெற்றி வியர்த்துவிட்டது. எண்ணெய் போட்டால் எப்படிக் கிழியும், எந்த மெஷினுக்கும் எண்ணெய் நல்லதுதானே என்று குழறினார். தையல் மெஷினுக்கு நல்லதுதான் என்று அண்ணி ஒப்புக்கொண்டாள். பக்கத்தில் இருந்த டீ டம்ளரை எடுத்தாள். கொழுந்தனின் கைக்குட்டையை அதன் வாய்மேல் விரித்தாள். முஷ்டியால் அதை உள்ளே தள்ளினாள்.

"பாருங்க. விளிம்புல துணி வழுக்கிட்டு உள்ள வரணும். அங்க எண்ணெய் வேணும். ஆனா முஷ்டிமேல துணி ஒட்டி நிக்கணும். அப்பத்தான் முஷ்டி இழுக்கறபடி எல்லாம் சேர்ந்து வரும். முஷ்டியும் வழுக்கினா, அடித்துணி இழுபட்டு, மெலிஞ்சு, மூலையில விட்டுடும். அதனாலதான் இவங்க அங்க ஒரு சொட்டு விழ விடறதில்லை. நாற்பது நிமிஷத்துல ஏன் தானா நின்னதுன்னா, கிழியற பாத்திரங்களே உங்க எண்ணெயைத் துடைச்சுக் காய வெச்சிருக்கு."

கிழிசல் ஒரே பக்கம் இருந்தபோதே அவளுக்குச் சந்தேகம் வந்ததாம். இங்கே வேலை செய்கிறவராயிருந்தால் கிட்டப் போய் முழுக்கப் பூசியிருப்பார். பாதி வரைதான் எட்டியது என்றால், அந்தக் கை கோட்டைத் தாண்டப் பயப்படுகிற ஒருவருடையது. சட்டைக்கடைக்காரர் வீட்டில் என்ன எண்ணெய் இருக்கும் என்பதை அதற்கப்புறம் யோசிக்க வேண்டியதே இல்லை.

முதலாளி மறைக்கவில்லை. திருடன் உஷாராகிவிடக் கூடாது என்று யாரும் இல்லாத பதினைந்து நிமிஷத்தில் வந்து, அவன் திருடின எண்ணெயை ஈடுகட்டுவதாக நினைத்துப் பூசியிருக்கிறார். கிழியக் கிழிய இன்னும் கொஞ்சம் கூடப் பூசியிருக்கிறார். சொல்லி முடித்தபோது அவர் குரல் சட்டைக்கடை வாசலில் நிற்கிற சின்னப் பையன் குரல் மாதிரி ஆகிவிட்டது.

"பஞ்ச்சுல போடக்கூடாதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா," என்றார் மௌனத்திடம்.

மௌனம் நிதானமாகப் பதில் சொன்னார்.

"நீங்க கேக்கலையே."

அதற்குள் சவடாலின் மண்டையில் ஒரு கணக்கு ஓடி முடிந்துவிட்டது. தையல் எண்ணெய், மாமாவின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ராஜினாமா, தன்னைப் பார்க்காமல் ஒரு நாளாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மாமா. அவர் மெதுவாகக் கிட்டே வந்தார்.

"நான்னு நினைச்சீங்களா, மாமா?"

மௌனம் தலையைக் குனிந்துகொண்டார். இனி இந்த வீட்டில் சண்டைதான் என்று கொழுந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஆனால் சவடாலுக்குக் கோபம் வரவில்லை. கண்தான் கலங்கியது.

"நான்னு நினைச்சுமா எனக்காக ஸ்டேஷனுக்குப் போறேன்னு நின்னீங்க?" என்றார். மாமாவின் இஸ்திரிச் சட்டையைக் கசங்கக் கசங்கத் தோளில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஞ்ச்சின் முகத்தில் இன்னும் எண்ணெய் பளபளத்தது. துடைக்க வேண்டும். முதலாளியின் கைக்குட்டை ஏற்கெனவே நனைந்து போயிருந்தது. மௌனம் காய்ந்த துணி எதுவும் இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். முதலாளி சட்டைப் பையைத் தடவினார். நாலாக மடித்த காகிதம் கையில் வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிரித்தார், கசக்கினார். கண்ணை ஒரு தடவை இறுக மூடித் திறந்துவிட்டு மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனார்.

அணைந்த மெஷினுக்குள் நீண்ட அவர் கை முன்பாதியிலேயே நின்றது. மௌனம் அவருடைய முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால. அங்கதான். நல்லா அழுத்தித் துடைங்க."

புகார் எண்ணெயை உறிஞ்சியது. பால்பேனாவில் எழுதிய பேர் கரைந்து, பரவி, படிக்க முடியாத நீலக் கறையாயிற்று. மௌனம் பொத்தானை அழுத்தினார். தொம் என்று இறங்கிய பிரஸ்ஸை முதலாளி கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தார். வந்த பாத்திரத்தை மௌனம் அவர் கையிலேயே கொடுத்தார். அடியில் பூ, காம்போடு முழுசாக இருந்தது.

வெளியே வரும்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. தன் கைக்குட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டோம் என்று கொழுந்தன் வாசலில் நின்றான். அண்ணி நடந்துகொண்டே இருந்தாள். அவன் ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டு, இனி ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவதற்கு முன்னால் எங்கே விடவேண்டும் எங்கே விடக்கூடாது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன் என்றான். இவ்வளவு நாள் கேட்காமலா விட்டாய் என்று அண்ணி கேட்டாள். பட்டுத்துணி ஞாபகத்துக்கு வந்து, கொழுந்தன் அன்றைக்கு முழுவதும் வாயைத் திறக்கவில்லை.